சமஸ்கிருத இலக்கணம்: தமிழ் மட்டும் தெரிந்தவர் எங்கிருந்து தொடங்குவது?

#1 வாசுகி_மதுரை

எல்லோருக்கும் வணக்கம். வயது ஐம்பத்தெட்டு. முழுக்கத் தமிழ்வழியில் படித்தவள், பள்ளியில் சமஸ்கிருதம் எடுத்ததில்லை. தினமும் சொல்லும் நாமாவளிகளும் சில சுலோகங்களும் மனப்பாடமாக இருக்கின்றன. உரை வாசித்துப் பொருளும் ஓரளவு தெரியும். ஆனால் எந்தச் சொல்லுக்கு எது பொருள், ஏன் ஒரே பெயர் ஓரிடத்தில் "சிவ:" என்றும் இன்னோரிடத்தில் "சிவாய" என்றும் "சிவம்" என்றும் வருகிறது என்று நானே பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதற்காக இலக்கணம் படிக்க ஆசை.

வாங்கிய தொடக்கப் புத்தகம் ஆங்கிலவழி. முதல் பாடத்திலேயே நாமினேட்டிவ், அக்யூசேட்டிவ், இன்ஸ்ட்ருமென்டல் என்று போகிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் ஆங்கில இலக்கணம் படிக்க வேண்டும் போலிருக்கிறது. யூடியூபில் ஒருவர் "ராம: ராமௌ ராமா:" என்று உருப்போடச் சொல்கிறார். இன்னொருவர் இலக்கணமே வேண்டாம், பேசிப் பழகுங்கள் என்கிறார். என்னைப் போன்றவர்களுக்கு எது வழி? எந்த வரிசையில் படிக்கலாம்?

#2 பழைய_பாடசாலை

அம்மா, நான் பாடசாலையில் படித்தவன். எங்களுக்குக் காலையில் சப்தம் (பெயர்ச்சொல் வடிவங்கள்), மாலையில் தாது (வினையடிகள்), இரவில் அமரகோசம் என்ற நிகண்டு. பொருள் கேட்க விடமாட்டார்கள். ஆனால் பிறகு காவியத்தைத் திறந்தபோது "ராமேப்ய:" என்ற வடிவத்தை யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. நாக்கே சொல்லிவிடும். அகாராந்தம் (அகரத்தில் முடியும் சொல்) ராம, இகாராந்தம் ஹரி, உகாராந்தம் குரு, பெண்பாலில் ரமா, நதீ, அஃறிணைக்கு ஒரு பல. இந்த ஆறையும் சத்தம் போட்டு உருப்போடுங்கள். இதைத் தவிர்த்து இலக்கணம் கற்ற யாரையும் நான் பார்த்ததில்லை.

#3 கோவை_கண்ணன்

வேறு பக்கமும் சொல்கிறேன். சம்ஸ்கிருத பாரதி நடத்தும் 10 நாள் சம்பாஷண சிபிரத்தில் (பேச்சுப் பயிற்சி முகாம்) உட்கார்ந்தேன், நாளுக்கு இரண்டு மணி நேரம். ஒரு அட்டவணையும் தரவில்லை. "மம நாம…", "பவான் குத்ர கச்சதி?", "அஹம் ஆபணம் கச்சாமி" என்று ஆரம்பித்து, கடைசி நாளில் எல்லோரும் சின்னச் சின்ன வாக்கியம் பேசினோம். பயம் போய்விட்டது. அம்மா, உங்கள் ஊரிலும் நடந்தால் போய்ப் பாருங்கள்.

#4 மாலை_வகுப்பு

வாசுகி அம்மா, நான் பெரியவர்களுக்கு மாலையில் ஆரம்ப சமஸ்கிருதம் எடுக்கிறேன். வருபவர்களில் பாதிப் பேர் உங்களைப் போன்றவர்கள்தான். மேலே இருவரும் சொன்னதை மதிக்கிறேன், ஆனால் இரண்டுமே உங்கள் தேவைக்குச் சரியாகப் பொருந்தாது என்று நினைக்கிறேன். காரணம் சொல்கிறேன்.

சிபிரத்தில் பேச்சு வேகமாக வருவதற்குக் காரணம், மொழியில் கடினமான இடங்களைத் தெரிந்தே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். "நீ போகிறாய்" என்பதற்கு "த்வம் கச்சஸி" வேண்டாம், "பவான் கச்சதி" போதும். பவான் என்றால் "தாங்கள்". அதற்கு வினை படர்க்கையில் வரும் என்பதால் ஒரு வரிசை மிச்சம். இறந்தகாலத்துக்கு "அகச்சத்" வேண்டாம், "கதவான்", "கதவதீ" போதும். இருமையைப் பெரும்பாலும் தொடுவதில்லை. பேசுவதற்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் சுலோகத்தைத் திறந்தால் அந்த ஒதுக்கி வைத்தவைதான் வரிக்கு வரி வரும்.

உருப்போடுவதில் குறை, எதற்காக உருப்போடுகிறோம் என்று தெரியாமல் ஐம்பத்தெட்டு வயதில் நிற்காது. எட்டு வயதுப் பிள்ளைக்கு நிற்கும்.

உங்களிடம் ஏற்கனவே இரண்டு முதல்கள் இருக்கின்றன. ஒன்று, பள்ளியில் படித்த தமிழ் இலக்கணம். இரண்டு, காதில் ஏறிய நாமாவளி. அங்கிருந்து தொடங்குங்கள். அந்த ஆங்கிலப் பெயர்களை மறந்துவிடுங்கள். எட்டு வேற்றுமை உங்களுக்குத் தெரியும். ஐ, ஆல், கு, இன், அது, கண் தெரியும். சமஸ்கிருதத்திலும் விபக்தி அதே வரிசைதான்: ப்ரதமா, த்விதீயா, த்ருதீயா, சதுர்த்தீ, பஞ்சமீ, ஷஷ்டீ, ஸப்தமீ, கடைசியில் விளி. இரண்டாவது என்றால் "ஐ", நான்காவது என்றால் "கு".

முதல் வாரம் நான்காம் வேற்றுமை மட்டும். ஆம், முதலாவது கூட வேண்டாம். உங்கள் நாமாவளியை எடுங்கள். "நம:" என்ற சொல் யாருக்கு வணக்கமோ அவரை நான்காவதில் வாங்கும். சிவனுக்கு வணக்கம், "சிவாய நம:". தமிழிலும் "கு"தான். இப்போது ஓசையைக் கேளுங்கள்:

சிவாய, விநாயகாய, நாராயணாய
கணபதயே, ஹரயே
விஷ்ணவே, குரவே
துர்காயை, ராதாயை
பார்வத்யை, ஸரஸ்வத்யை, கௌர்யை
தாத்ரே, பித்ரே
பகவதே, ஹனுமதே, பரமாத்மனே

பழைய பாடசாலை ஐயா சொன்ன ராம, ஹரி, குரு, ரமா, நதீ என்ற ஐந்து வகையும், அதற்கு மேலும் இரண்டு வகையும் இதற்குள்ளேயே இருக்கின்றன. சொல் எந்த எழுத்தில் முடிகிறதோ அதைப் பொறுத்து நான்காவதன் வடிவம் மாறுகிறது. அகரத்தில் முடிந்தால் "-ஆய". இகரத்தில் முடிந்தால் "-அயே". உகரத்துக்கு "-அவே". ஆகாரப் பெண்பாலுக்கு "-ஆயை", ஈகாரத்துக்கு "-யை". மெய்யில் முடிந்தால் வெறும் "ஏ". இதைத்தான் புத்தகங்கள் "அந்தம்" என்று பிரிக்கின்றன. உங்கள் நாக்கு பல வருடமாகப் பிழையில்லாமல் செய்துகொண்டிருக்கும் வேலைக்குப் பெயர் வைக்கிறோம், அவ்வளவுதான்.

நுட்பம் ஒன்று: "கணபதயே" என்கிறோம், ஆனால் "பதி" தனிச்சொல்லாக வந்தால் "பதயே" அல்ல, "பத்யே". பதி என்பது கூட்டுச்சொல்லின் கடைசியில் வந்தால்தான் ஹரியைப் போல நடக்கும். சமஸ்கிருத இலக்கணத்துக்கு மூலநூல் தந்த பாணினி இதற்கென்றே ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார் (1.4.8).

இதை முடித்த பிறகு ராம சப்தத்தை எடுங்கள். 24 கட்டம் என்று மலைக்க வேண்டாம். இருமைப் பத்தி முழுவதற்கும் மூன்றே வடிவம்: ராமௌ, ராமாப்யாம், ராமயோ:. பன்மையில் நான்காவதும் ஐந்தாவதும் ஒன்று. எண்ணிப் பாருங்கள், வேறுபட்ட வடிவங்கள் 17தான். அதற்கு ஒரு நல்ல துணை, ராமரட்சைத் தோத்திரத்தில் வரும் "ராமோ ராஜமணி:" என்ற சுலோகம். ராம:, ராமம், ராமேண, ராமாய, ராமாத், ராமஸ்ய, ராமே, ராம என்று ஒருமை எட்டும் அதே வரிசையில் அந்த நான்கு அடிக்குள் இருக்கின்றன.

#5 புலவர்_வீட்டுப்_பிள்ளை

மாலை வகுப்பு சார், தமிழிலிருந்து தொடங்குவது நல்ல யோசனை. ஆனால் "அதே வரிசைதான்" என்று சொல்லி நிறுத்தினால் கற்பவருக்கும் தமிழுக்கும் அநியாயம்.

தொல்காப்பியர் "வேற்றுமை தாமே ஏழென மொழிப" என்று சொல்லி, விளியோடு எட்டு என்கிறார். எண்ணும் வரிசையும் வடமொழி மரபோடு ஒத்துப்போவது உண்மை. பின்னால் 11ஆம் நூற்றாண்டில் வீரசோழியம், 17ஆம் நூற்றாண்டில் பிரயோக விவேகம் ஆகியவை தமிழை வடமொழிச் சட்டகத்தில் வைத்து விளக்கப் பார்த்தன. ஆனால் அமைப்பு வேறு. தமிழில் உருபு ஒட்டும்: மரத்துக்கு, மரங்களுக்கு, அவளுக்கு, அவர்களுக்கு. எங்கும் அதே "கு". எண்ணுக்குத் தனி விகுதி, வேற்றுமைக்குத் தனி உருபு. ஒன்றை ஒன்று தின்பதில்லை. சமஸ்கிருதத்தில் ராமாய, ராமாப்யாம், ராமேப்ய: மூன்றிலும் பொதுவாக ஒரு "கு" கிடையாது. பால், எண், வேற்றுமை மூன்றும் ஒரே விகுதிக்குள் கரைந்துவிட்டன. அதனால்தான் அங்கே அட்டவணை தேவைப்படுகிறது, இங்கே தேவையில்லை.

அடுத்தது பால். தமிழில் உயர்திணை, அஃறிணை, ஆண், பெண் எல்லாம் பொருளை வைத்து. சமஸ்கிருதத்தில் சொல்லை வைத்து. மனைவி என்ற ஒரே பொருளுக்கு "பார்யா" பெண்பால், "களத்ரம்" அஃறிணைப்பால், "தாரா:" ஆண்பால், அதுவும் எப்போதும் பன்மையில். தமிழ்ப் பிள்ளை இதைப் பார்த்துத் திகைக்கத்தான் செய்வான். மாறாக, வினையில் அவர்களுக்குப் பாலே கிடையாது. படிக்கிறான், படிக்கிறாள், படிக்கிறது எல்லாவற்றுக்கும் ஒரே "படதி". அடைமொழியோ பெயரோடு சேர்ந்து மாறும்: ஸுந்தர: பாலக:, ஸுந்தரீ பாலிகா, ஸுந்தரம் புஷ்பம். நமக்கு மூன்றுக்கும் "அழகான" போதும்.

தொகைகளில் தத்புருஷம் வேற்றுமைத்தொகை, த்வந்த்வம் உம்மைத்தொகை, கர்மதாரயம் பண்புத்தொகை, பஹுவ்ரீஹி அன்மொழித்தொகை என்று பொருத்திப் படிக்கலாம். ஆனால் ஊறுகாய், சுடுசோறு என்ற நம் வினைத்தொகைக்கு அங்கே இணை கிடையாது.

#6 மாலை_வகுப்பு

புலவர் ஐயா சொன்னது முழுக்க நியாயம். நான் வகுப்பில் சொல்வதும் இதுதான்: வேற்றுமையின் பொருளுக்குத் தமிழைக் கேளுங்கள், வடிவத்துக்கு அட்டவணையைக் கேளுங்கள்.

பஹுவ்ரீஹி பற்றி ஒரு வார்த்தை. பீதாம்பரம் என்றால் மஞ்சள் ஆடை. "பீதாம்பர:" என்றால் மஞ்சள் ஆடை உடுத்தவன், அதாவது திருமால். "பொற்றொடி வந்தாள்" என்பதில் தொடி வரவில்லை, அணிந்தவள் வந்தாள், அதேதான். இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு வேத மரபில் ஒரு கதை உண்டு. இந்திரனைக் கொல்ல ஒரு மகன் வேண்டும் என்று த்வஷ்டா வேள்வி செய்கிறான். "இந்த்ரசத்ரு:" என்ற சொல்லில் ஸ்வரத்தை (ஓசையின் ஏற்ற இறக்கத்தை) மாற்றிச் சொல்லிவிட்டார்கள். இந்திரனைக் கொல்பவன் என்ற தத்புருஷம், இந்திரனால் கொல்லப்படுபவன் என்ற பஹுவ்ரீஹியாகிவிட்டது. பிறந்த வ்ருத்ரன் இந்திரன் கையால் மடிந்தான். இலக்கணம் ஏன் படிக்க வேண்டும் என்று விளக்கும் இடத்தில் பதஞ்சலி, பாணினி நூலுக்கான பேருரையாகிய மகாபாஷ்யத்தில் இதை எடுத்துக்காட்டுகிறார்.

#7 வாசுகி_மதுரை

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. நாமாவளியைப் பிரித்து எழுத ஆரம்பித்துவிட்டேன். ஒரு சந்தேகம். வேற்றுமையின் பொருளுக்குத் தமிழைக் கேட்கச் சொன்னீர்கள். எப்போதும் கேட்கலாமா? "கிராமத்துக்குப் போகிறான்" என்பதை "க்ராமாய கச்சதி" என்று எழுதிப் பார்த்தேன். புத்தகத்தில் "க்ராமம் கச்சதி" என்று இருக்கிறது.

#8 மாலை_வகுப்பு

நல்ல கேள்வி. பெரும்பாலும் கேட்கலாம், எப்போதும் முடியாது. ஒத்துப்போகாத இடங்கள் சிலதான். அவற்றைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போகிற இடம் அங்கே இரண்டாவது: "க்ராமம் கச்சதி". நமக்கும் பழைய வழக்கில் "ஊரை அடைந்தான்" உண்டு, அதை நினைத்துக்கொண்டால் மறக்காது. பயம் அங்கே ஐந்தாவது: "சோராத் பிபேதி". நாம் "திருடனுக்குப் பயப்படுகிறான்" என்போம். உடைமை அங்கே ஆறாவது: "மம த்வௌ புத்ரௌ ஸ்த:". நாம் "எனக்கு இரண்டு பிள்ளைகள்" என்போம்.

ஒத்துப்போகும் இடங்களில் தமிழர் எவ்வளவு கொடுத்து வைத்தவர் என்று பாருங்கள். "பாலகாய மோதக: ரோசதே", பையனுக்குக் கொழுக்கட்டை பிடிக்கும். பையன் நான்காவதில், கொழுக்கட்டை எழுவாய். இரு மொழியிலும் அதே அமைப்பு. ஆங்கிலம் வழியாக வருகிறவருக்கு இங்கே பையன் எழுவாயாகிவிடுவான், வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுத்தான் புரிந்துகொள்ள முடியும். "ஸ: கச்சாமி இதி வததி", அவன் போகிறேன் என்று சொல்கிறான். "இதி" நம் "என்று". சொன்னவன் சொன்ன தன்மை வினையே அப்படியே உள்ளே உட்காரும். "ராம: அபி", ராமனும். "ஏஷ: பாலக:", இவன் பையன், நடுவில் வினை தேவையில்லை.

அதைவிட முக்கியம் வினையெச்சம். "பாலக: க்ருஹம் கத்வா ஜலம் பீத்வா படதி": பையன் வீட்டுக்குப் போய், தண்ணீர் குடித்து, படிக்கிறான். "-த்வா" என்றால் "செய்து". எச்சத்துக்கும் முற்றுக்கும் ஒரே எழுவாய் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. முன்னொட்டு சேர்ந்தால் மட்டும் "-ய" ஆகும்: கத்வா (போய்), ஆகத்ய (வந்து). புராணக் கதை நடையில் வரிக்கு இரண்டாவது இது வரும். தமிழில் யோசிப்பவருக்கு அது பாடமாகவே தோன்றாது.

வினைக்கு இப்போதைக்கு ஒரு விஷயம் மட்டும். அவர்கள் "ப்ரதம புருஷ" என்பது நம் படர்க்கை, "உத்தம புருஷ" என்பது தன்மை. வரிசை தலைகீழ். காலத்தையும் ஏவல் போன்றவற்றையும் காட்டும் வினை வகைகளான லகாரங்கள் பத்து. ஆரம்பத்தில் நிகழ்காலத்துக்கு லட், ஏவலுக்கும் வாழ்த்துக்கும் லோட் இரண்டும் போதும். ஸுப்ரபாதத்தில் "உத்திஷ்ட" என்பது லோட், "எழுந்திரு". "ததாஸ்து" என்பதில் உள்ள "அஸ்து"வும் லோட், "ஆகட்டும்".

#9 ஊர்க்குருவி

இதெல்லாம் இருக்கட்டும். யார் யாரிடமிருந்து இலக்கணத்தை எடுத்தார்கள் என்பதை முதலில் பேசலாமே? பழைய இலக்கண நூலாகச் சொல்லப்படும் ஐந்திரம் என்ன ஆயிற்று?

#10 மட்டுறுத்துநர்

ஊர்க்குருவி, அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே ஒருவர் படிக்கத் தொடங்கியிருக்கிறார், அதைத் தொடர விடுவோம்.

#11 ஆரூர்_ரசிகை

இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு விபக்தி கற்றுத் தந்தது முத்துஸ்வாமி தீட்சிதர். பிறந்த ஊரான திருவாரூரில் கோயில்கொண்ட கமலாம்பாள் மேல் அவர் பாடிய நவாவரணக் கீர்த்தனைகளை வரிசையாகக் கேளுங்கள், வாசுகி அக்கா.

ஆனந்தபைரவியில் "கமலாம்பா ஸம்ரக்ஷது மாம்", முதல் வேற்றுமை. கல்யாணியில் "கமலாம்பாம் பஜரே", இரண்டாவது. சங்கராபரணத்தில் "ஸ்ரீ கமலாம்பிகயா கடாக்ஷிதோஹம்", மூன்றாவது. காம்போதியில் "கமலாம்பிகாயை", நான்காவது. பைரவியில் "ஸ்ரீ கமலாம்பாயா: பரம் நஹிரே", ஐந்தாவது. புன்னாகவராளியில் "கமலாம்பிகாயாஸ்தவ பக்தோஹம்", ஆறாவது. சஹானாவில் "ஸ்ரீ கமலாம்பிகாயாம் பக்திம் கரோமி", ஏழாவது. கண்டாவில் "ஸ்ரீ கமலாம்பிகே", விளி. ஆஹிரியில் உள்ள ஒன்பதாவதில் எல்லா வேற்றுமையும் சேர்ந்து வரும்.

ஆகாராந்தப் பெண்பால் ஒருமை முழுவதும் ராகத்தோடு மனதில் உட்கார்ந்துவிடும். எனக்கு "ரமயா, ரமாயை" என்று சொல்லும்போதே சங்கராபரணமும் காம்போதியும் பின்னால் ஓடும். ஒரு சந்தேகமும் உண்டு. பைரவியிலும் புன்னாகவராளியிலும் பெயரின் முடிவு ஒன்றுபோல "-ஆயா:" என்றுதானே இருக்கிறது. ஒன்று ஐந்தாவது, மற்றது ஆறாவது என்று எப்படிப் பிரிப்பது?

#12 மாலை_வகுப்பு

ரசிகை அம்மா, நவாவரணத்தை இந்த இடத்தில் கொண்டுவந்ததற்கு மிக்க நன்றி. நாமாவளி நான்காவதை மட்டும்தான் தரும், இது எட்டையும் தருகிறது.

ஆகாராந்தப் பெண்பால் ஒருமையில் ஐந்தாவதும் ஆறாவதும் ஒரே வடிவம். வடிவத்தை வைத்துப் பிரிக்க முடியாது, பக்கத்துச் சொல்லைப் பார்க்க வேண்டும். பைரவியில் "பரம் நஹி" இருக்கிறது: கமலாம்பாளை விட மேலானது இல்லை. எதைவிட என்ற எல்லை ஐந்தாவதில் வரும். ராமரட்சைச் சுலோகத்திலும் "ராமாந்நாஸ்தி பராயணம் பரதரம்" என்று அதே அமைப்புதான். அங்கே அகாராந்தம் என்பதால் "ராமாத்" என்று ஐந்தாவது வெளிப்படையாகத் தெரிகிறது. புன்னாகவராளியில் "பக்த:" இருக்கிறது: யாருடைய பக்தன்? கமலாம்பிகையாகிய உன்னுடைய. எனவே ஆறாவது.

"விட" என்பதற்கு ஐந்தாம் வேற்றுமை என்பது இன்றைய பேச்சில் நமக்கு விட்டுப்போய்விட்டது. ஆனால் "தம்மின்தம் மக்கள் அறிவுடைமை" என்ற குறளில் "தம்மின்" அதுதான், தம்மை விட. நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நன்னூல் "இன்"னுக்குச் சொல்லும் பொருள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பஞ்சமீ படியுங்கள்.

அதே வரிகளில் சந்தியும் கிடைக்கிறது. "கமலாம்பிகாயா: + தவ" என்பதில் விஸர்க்கம் (":" என்று எழுதும் மூச்சொலி) தகரத்துக்கு முன் ஸகரமாகி "-யாஸ்தவ" ஆயிற்று. "கடாக்ஷித: + அஹம்" என்பது "கடாக்ஷிதோஹம்". சந்தியைத் தனிப் பாடமாக முதலில் படிக்க வேண்டாம். பாடலில் ஒட்டியிருப்பதைப் பிரித்துப் பிரித்துப் பழகினால் போதும்.

#13 குறியீட்டாளன்

நான் மென்பொருள் வேலை. பாணினியின் சூத்திரங்கள் கணினி நிரல் போல இருக்கும் என்று கேள்விப்பட்டு நேரடியாக அஷ்டாத்யாயீ எடுத்தேன். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அதிலிருந்தே தொடங்க வழி இருக்கிறதா?

#14 மாலை_வகுப்பு

தம்பி, ஆர்வம் நல்லது. ஆனால் அந்த நூல் சமஸ்கிருதம் தெரிந்தவருக்கு எழுதப்பட்டது. 8 அத்தியாயம், ஒவ்வொன்றிலும் 4 பாதம், சுமார் 4000 சூத்திரம். முந்தின சூத்திரத்துச் சொல் அடுத்தடுத்த சூத்திரங்களில் சொல்லாமலே தொடரும், அனுவ்ருத்தி என்பார்கள். அதனால் நடுவில் ஒன்றை மட்டும் எடுத்துப் படிக்க முடியாது. 17ஆம் நூற்றாண்டில் பட்டோஜி தீட்சிதர் அதைப் பொருள்வாரியாக அடுக்கி ஸித்தாந்த கௌமுதீ செய்தார், அவர் மாணவர் வரதராஜர் அதைச் சுருக்கி லகு கௌமுதீ செய்தார். வியாகரணம் படிப்பவர்கள் இன்றும் லகுவில்தான் தொடங்குகிறார்கள்.

ஒரு சூத்திரத்தை மட்டும் திறந்து காட்டுகிறேன், உங்களுக்குப் பிடிக்கும். "இகோ யணசி" (6.1.77). 14 மாஹேச்வர சூத்திரங்களிலிருந்து சுருக்கக் குறிகள் செய்துகொள்கிறார். இக் என்றால் இ, உ, ரு, லு என்ற உயிர்கள். யண் என்றால் ய, வ, ர, ல. அச் என்றால் எல்லா உயிரும். இப்போது வேற்றுமையைப் பாருங்கள். "இக:" ஆறாவது, "யண்" முதலாவது, "அசி" ஏழாவது. பாணினியின் நூலுக்குள் ஆறாவது என்றால் "இதன் இடத்தில்", ஏழாவது என்றால் "இது பின்னால் வரும்போது", ஐந்தாவது என்றால் "இதற்கு அடுத்ததற்கு". இக்கின் இடத்தில் யண் வரும், உயிர் பின்தொடர்ந்தால். இதி + ஆதி = இத்யாதி. ஸு + ஆகதம் = ஸ்வாகதம்.

மூன்று சொல்லில் முழு விதி, அதைத் தாங்கி நிற்பது வேற்றுமைகள். ஆகவே நீங்களும் வாசுகி அம்மா தொடங்கும் இடத்திலேயே தொடங்க வேண்டும்.

#15 புலவர்_வீட்டுப்_பிள்ளை

இந்த இடத்தில் நம் உடம்படுமெய்யை அருகே வைத்துப் பார்க்கலாம். மணி + அடித்தான் = மணியடித்தான். நமக்கு இகரம் அப்படியே நிற்கும், யகரம் நடுவில் கூடுதலாக வரும். அங்கே இகரமே யகரமாகிவிடும். தமிழ் எழுத்தைச் சேர்க்கிறது, சமஸ்கிருதம் எழுத்தை மாற்றுகிறது.

#16 பழைய_பாடசாலை

எல்லாம் சரி. ஒன்றை யாரும் சொல்லவில்லை. எழுத்து. தமிழ் எழுத்திலேயே படித்து இலக்கணம் கற்க முடியாது அம்மா. "படத:" என்று இங்கே எழுதினால் அது "அவர்கள் இருவர் படிக்கிறார்கள்" என்பதா, "நீங்கள் இருவர் படிக்கிறீர்கள்" என்பதா? முதலாவதில் சாதாரணத் தகரம், இரண்டாவதில் மூச்சோடு சொல்லும் தகரம். தமிழில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஸ்தோத்திரப் புத்தகங்களில் த¹, த², த³, த⁴ என்று எண் போட்டிருப்பார்கள், படிக்க உதவும், ஆனால் எழுதிப் பழக உதவாது. நாகரியோ கிரந்தமோ ஏதாவது ஒன்றை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். நம் ஊரில் சமஸ்கிருதத்துக்குப் பரம்பரையாக வந்த எழுத்து கிரந்தம்தான், தமிழ் தெரிந்த கண்ணுக்குப் பல எழுத்துகள் உடனே பழகும். ஆனால் இன்று அச்சில் கிடைக்கும் புத்தகங்களுக்கு நாகரி வேண்டும்.

இன்னொன்று: சமஸ்கிருதத்தில் ஏ, ஓ எப்போதும் நெடில். "ராமெண" என்று குறுக்கிச் சொல்லாதீர்கள்.

#17 மாலை_வகுப்பு

ஐயா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். நாகரி படிக்க எடுக்கும் நேரம் வீணாகாது. நான்காவது வேற்றுமையோடு சேர்த்தே தொடங்கலாம்.

#18 வாசுகி_மதுரை

நாகரி உயிரெழுத்துகள் எழுதிப் பழகுகிறேன். நாமாவளிப் பயிற்சியைக் கீழே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

சுப்ரமண்யாய: அகாராந்தம். சம்பவே: உகாராந்தம், மூலச்சொல் சம்பு. காமாக்ஷ்யை: ஈகாராந்தம். பகவதே: மூலச்சொல் "பகவத", அகாராந்தம். "சரண்யே த்ர்யம்பகே… நாராயணி நமோஸ்துதே": நமோ இருப்பதால் சரண்யே, த்ர்யம்பகே இரண்டும் நான்காவது, இகாராந்தம்.

ஒரு கேள்வியும்: ராமேண என்று மூன்று சுழி ண வருகிறது, ஆனால் புத்தகத்தில் "பாலகேன" என்று ன. ஏன்?

#19 மாலை_வகுப்பு

முதல் மூன்றும் சரி. பகவதே மெய்யீறு, மூலச்சொல் "பகவத்". அகாராந்தமாக இருந்தால் "-ஆய" என்று வந்திருக்க வேண்டும். இதன் முதல் வேற்றுமை "பகவான்", இதே போல ஹனுமத், ஹனுமான்.

சரண்யே, த்ர்யம்பகே இரண்டும் விளி. கண்டா ராகக் கீர்த்தனையின் "கமலாம்பிகே" போல, ஆகாராந்தப் பெண்பால் விளியில் "ஏ" ஆகும். "நாராயணி"யும் விளி, அது ஈகாராந்தம் என்பதால் குறுகி நிற்கிறது. அப்படியானால் "நம:" கேட்கும் நான்காவது எங்கே? கடைசியில் பாருங்கள்: நம: + அஸ்து + தே. "தே" என்றால் உனக்கு. அதுதான் நான்காவது.

ஏகாரத்தில் முடியும் சொல்லைக் கண்டால் கொஞ்சம் நிதானியுங்கள். "ராமே" ஏழாவது, "ரமே" விளி, "பகவதே" நான்காவது, "பலே" ஏழாவதாகவும் இருக்கலாம், இரண்டு பழங்கள் என்ற இருமையாகவும் இருக்கலாம். மூலச்சொல் எதில் முடிகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். மீதிக்குப் பக்கத்துச் சொல்.

ணகரம்: ஒரே சொல்லில் முன்னால் ர, ஷ, ரு இவற்றில் ஒன்று இருந்தால் பின்னால் வரும், சொல்லின் கடைசியில் நிற்காத நகரம் ணகரமாகும். நடுவில் உயிரும், க வர்க்கமும், ப வர்க்கமும், ய, வ, ஹ இவையும் வந்தால் தடையில்லை. வேறு மெய் வந்தால் தடை. ராமேண என்பதில் நடுவில் மகரம், ப வர்க்கம், வழிவிட்டது. பாலகேன என்பதில் ரகரமே இல்லை. ரதேன என்பதில் ரகரம் இருக்கிறது, நடுவில் தகரம் மறித்துவிட்டது. பஞ்சாங்கத்தில் உத்தராயணம் என்று ணகரமும் தட்சிணாயனம் என்று னகரமும் வருவதற்கும் இதுவே காரணம். முதலாவதில் ரகரம் தடையில்லாமல் வந்தது. இரண்டாவதில் ஷகரத்தின் வேலையை நடுவில் உள்ள ணகரம் நிறுத்திவிட்டது. பயிற்சிக்கு: நர, அர்ஜுன, வ்ருக்ஷ, ராவண. நான்குக்கும் மூன்றாவது ஒருமை எழுதுங்கள்.

#20 குறியீட்டாளன்

நரேண, அர்ஜுனேன, வ்ருக்ஷேண, ராவணேன. சரியா? அர்ஜுனனில் ஜகரம் மறிக்கிறது, ராவணனில் ணகரம் மறிக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

#21 மாலை_வகுப்பு

நான்கும் சரி, காரணமும் சரி. அடுத்து இருமைக்குப் போகலாம். ரகுவம்சத்தின் முதல் சுலோகத்தில் காளிதாசர் "ஜகத: பிதரௌ வந்தே பார்வதீபரமேஸ்வரௌ" என்கிறார். பிதரௌ என்ற ஒரே சொல்லில் தாயும் தந்தையும். இதில் எது இரண்டாவது, எது ஆறாவது, யார் வணங்குகிறார் என்று இருவரும் எழுதுங்கள்.

#22 வாசுகி_மதுரை

ஜகத: ஆறாவது, உலகத்தினுடைய. பிதரௌ, பார்வதீபரமேஸ்வரௌ இரண்டும் இரண்டாவது, இருமை. வந்தே என்றால் வணங்குகிறேன், தன்மை ஒருமை. உலகத்தின் தாய்தந்தையராகிய பார்வதியையும் பரமேசுவரனையும் வணங்குகிறேன். "வந்தே மாதரம்" என்பதிலும் அதே வந்தே, மாதரம் இரண்டாவது ஒருமை, சரிதானே?

#23 மாலை_வகுப்பு

மிகச் சரி. மாதரம் ருகாராந்தம், மூலச்சொல் மாத்ரு. அடுத்த வாரத்துக்கு பித்ரு, மாத்ரு இரண்டு சப்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதி வாருங்கள். இரண்டாவது பன்மையில் மட்டும் வேறுபடும்: பித்ரூன், மாத்ரூ:. மற்ற எல்லாம் ஒன்றுதான்.

#24 புதியவர்_சேலம்

இழை முழுவதும் படித்தேன், நானும் சேர்ந்துகொள்கிறேன். விஸர்க்கத்தை எப்படி உச்சரிப்பது? ராம: என்பதை "ராமஹ" என்றுதான் எல்லாச் சொல்லிலும் முடிக்க வேண்டுமா?

#25 பழைய_பாடசாலை

இல்லை. ஓதும் வழக்கில் முந்தின உயிரின் சாயலில் மெல்ல முடியும். ராம: ராமஹ, ஹரி: ஹரிஹி, குரு: குருஹு. அழுத்தி ஒரு முழு எழுத்தாக்கிவிடாதீர்கள். மூச்சு மட்டும் போதும். நீங்கள் #4லிருந்து நாமாவளியைத் தொடங்குங்கள், ராம சப்தத்தை நான் கேட்டுக்கொள்கிறேன்.